முதல் லினக்ஸ் சான்றிதழ்: ஆர்எச்சிஎஸ்ஏவா, எல்பிஐசியா, எல்எஃப்சிஎஸ்ஸா?

எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் டெஸ்க்டாப் சப்போர்ட் பார்க்கிறான். பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றித் தருவது, புது லேப்டாப்பில் விண்டோஸ் போட்டுக் கொடுப்பது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தான். "அண்ணா, சர்வர் பக்கம் போகணும். எந்த சர்டிஃபிகேட் போடட்டும்?"

நோட்டில் நான்கு லினக்ஸ் சான்றிதழ்களின் பெயர்கள் இருந்தன (லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ், சர்வர்களில் அதிகம் ஓடுவது). ரெட் ஹேட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ, லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் நடத்தும் எல்பிஐசி-1, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ், காம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம். வேறெதுவும் எழுதவில்லை. கட்டணத்தை வைத்தே முடிவெடுக்கப் போகிறான் என்று புரிந்தது.

சொந்தக் காசில் எழுதுபவனுக்குக் கட்டணம் சின்ன விஷயமில்லை. ஆனாலும் அதற்கு முன்னால் அந்த நோட்டில் இன்னொரு பத்தி வேண்டும் என்றேன். தேர்வில் உட்கார்ந்ததும் உன்னிடம் கேட்கப்போவது கேள்வியா, வேலையா? நான்கும் இந்த இடத்தில்தான் இரண்டு இரண்டாகப் பிரிகின்றன. எப்படிப் படிப்பது, எத்தனை நாள் படிப்பது, லேப்டாப்பில் ராம் போதுமா என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

எல்பிஐசி-1 கேள்வி கேட்கும் ரகம். 101-500, 102-500 என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிஷம். பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சிலவற்றில் கோடிட்ட இடத்தில் கமாண்டை நாமே டைப் செய்ய வேண்டும். 200 முதல் 800 வரை போகும் அளவுகோலில் 500 எடுத்தால் பாஸ். இரண்டு தாளும் தேறினால்தான் சான்றிதழ், அதனால் கட்டணமும் இரண்டு முறை. லினக்ஸ் பிளஸ் ஒரே தாள்: அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிஷம், நடுவே செய்து காட்டும் மாதிரியான சில கேள்விகள்.

ஆர்எச்சிஎஸ்ஏவும் எல்எஃப்சிஎஸ்ஸும் வேலை கொடுக்கும் ரகம். ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு இஎக்ஸ்200 என்று நம்பர். மூன்று மணி நேரம் உங்கள் முன் மெஷின்கள் இருக்கும், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருக்கும். நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிப்பது என்பதே கிடையாது. நீங்கள் முடித்த பிறகு மெஷின் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். 300க்கு 210 வேண்டும். எல்எஃப்சிஎஸ் இதே மாதிரிதான், இரண்டு மணி நேரம், 67 சதவீதம் எடுத்தால் பாஸ்.

இந்த வித்தியாசம் சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். எஃப்எஸ்டேப் ஃபைலை எடுத்துக்கொள்வோம். மெஷின் எழும்போது எந்த டிஸ்க்கை எந்த டைரக்டரியில் மவுண்ட் செய்ய (இணைக்க) வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் ஃபைல். ஒரு வரிக்கு ஆறு புலங்கள். கேள்வி ரகத் தேர்வு இதை இப்படிக் கேட்கலாம்: ஆறாவது புலம் எதைக் குறிக்கிறது? பூட் ஆகும்போது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் வரிசையை என்று தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் ஒரு மார்க் போயிற்று, அடுத்த கேள்வி. வேலை ரகத்தில் அது "இந்த டிஸ்க்கில் 500 எம்பி வால்யூம் ஒன்று உருவாக்கி, நிரந்தரமாக மவுண்ட் ஆகும்படி செய்" என்று வரும். (இரண்டுமே நான் இப்போது கற்பனையாகச் சொன்னவை, எந்தத் தேர்விலிருந்தும் எடுத்ததில்லை.) டிஸ்க்கின் அடையாளக் குறியான யூயூஐடியில் ஒரே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு ரீபூட் கொடுத்தீர்களானால் மெஷின் பாதியில் நிற்கும். எமர்ஜென்சி மோட் என்று சொல்லி ரூட் (லினக்ஸின் அட்மின்) பாஸ்வேர்டு கேட்கும். அதிலிருந்து மீளத் தெரியாதவருக்கு அந்த ஒரு வேலையின் மார்க் மட்டும் போகாது. எழாத மெஷினில் அதுவரை செய்த எதற்குமே மார்க் கிடைக்காது.

ஆர்எச்சிஎஸ்ஏ முதல் தடவை எழுதியபோது நான் தேறவில்லை. உள்ளே என்ன வந்தது என்று சொல்வதற்கில்லை. ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே தொடங்கும். தோற்ற காரணத்தைச் சொல்லலாம்: செய்ததையெல்லாம் செய்துவிட்டு, ரீபூட் செய்து பார்க்காமல் எழுந்து வந்தேன். கண் முன்னால் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சர்வீஸை ஸ்டார்ட் செய்திருந்தேன், இனேபிள் செய்ய மறந்திருந்தேன். ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்திருந்தேன், பெர்மனென்ட் என்ற சொல்லைச் சேர்க்க மறந்திருந்தேன். மெஷின் ஒருமுறை படுத்து எழுந்தால் இரண்டும் காணாமல் போகும். அன்றிலிருந்து எஃப்எஸ்டேப் ஃபைலை எடிட் செய்தால், அதில் இருப்பதையெல்லாம் மவுண்ட் செய்து பார்க்கும் மவுண்ட் -ஏ கமாண்டை ரீபூட்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும், ஆபீஸ் சர்வரிலும்.

பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எல்பிஐசிதான் ஈஸி, இல்லையாண்ணா?" என்றான்.

அப்படியும் சொல்ல முடியாது. ஆர்எச்சிஎஸ்ஏவில் இன்டர்நெட் கிடையாது என்றாலும் மெஷினில் இருக்கும் மேன் பேஜ்களை (கமாண்டுகளுக்கான கையேடு) பார்க்கலாம். ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டி யார் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கான எஸ்ஈலினக்ஸின் கமாண்டுகளை நான் ஒருநாளும் முழுதாக மனப்பாடம் செய்ததில்லை. செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் என்ற மேன் பேஜின் அடியில் உதாரணம் இருக்கிறது. அதைப் பார்த்து டைரக்டரி பெயரை மட்டும் மாற்றி அடித்தால் போதும். நெட்வொர்க் செட் பண்ணும் என்எம்சிஎல்ஐக்கு உதாரணங்களுக்கென்றே தனி மேன் பேஜ் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குப் பாதி சுமை குறைந்துவிடும். எல்எஃப்சிஎஸ்ஸிலும் மெஷினில் இருக்கும் ஆவணங்களைப் பார்க்க விடுகிறார்கள். எல்பிஐசியில் எதுவும் கிடையாது. ஃபைல்களை மூட்டை கட்டும் டார் கமாண்டுக்கு பிஜிப்2 முறையில் சுருக்கும் ஆப்ஷன் சின்ன ஜேயா, பெரிய ஜேயா என்று கேட்டால் தலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தவிர, சாஃப்ட்வேர் நிறுவுவதற்கு டெபியன் வகை லினக்ஸ் பக்கத்து டிபிகேஜியும் ஏபிடியும் தெரிய வேண்டும், ரெட் ஹேட் பக்கத்து ஆர்பிஎம்மும் தெரிய வேண்டும். பிரின்டருக்கான கப்ஸ், மெயில் சர்வரின் அடிப்படை, எக்ஸ் விண்டோ, ஷெல் ஸ்கிரிப்ட் என்று பாடம் அகலமாகப் போகும். ஞாபக சக்தி உள்ளவனுக்கு எல்பிஐசி சுலபம். கை ஓடுபவனுக்கு ஆர்எச்சிஎஸ்ஏ சுலபம். நான் இரண்டாவது கட்சி.

லினக்ஸ் பிளஸ்ஸை நான் சீக்கிரமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மோசமான தேர்வு என்பதால் இல்லை. காம்ப்டியா பெயருக்கு அமெரிக்காவில் இருக்கும் மதிப்பு, நம் ஊர் ஹெச்ஆர் மேஜையில் நான் பார்த்தவரை இல்லை. அங்கே போகும் திட்டம் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

எல்எஃப்சிஎஸ் விஷயம் வேறு. அதைச் சுலபமாக ஒதுக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் லினக்ஸைச் சார்ந்ததில்லை. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், அப்ளிகேஷனைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் கன்டெய்னர், மெஷினுக்குள் மெஷினாக ஓடும் விர்ச்சுவல் மெஷின், இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் என்று இன்றைய வேலைக்குத் தேவையானவை பாடத்தில் இருக்கின்றன. கட்டணத்துக்குள்ளேயே ஒரு மறுமுயற்சி இலவசம், பயிற்சிக்கு ஒரு சிமுலேட்டரும் சேர்த்துத் தருகிறார்கள். நவம்பர் கடைசியில் தள்ளுபடி போடுவது வழக்கம், காத்திருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பிறகு கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் போய் அதற்கான சிகேஏ தேர்வை எழுத நினைத்தால் அதுவும் அதே ஃபவுண்டேஷன், அதே இரண்டு மணி நேர பாணி. ஆக, இந்தத் தேர்வின் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: 2024 ஏப்ரலிலிருந்து செல்லுபடிக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு மூன்று, எல்பிஐசி-1க்கு ஐந்து. முதல் வேலை கிடைத்து மூச்சு விடுவதற்குள் எல்எஃப்சிஎஸ் காலாவதி ஆகிவிடும்.

சரி, வேலைச் சந்தை என்ன சொல்கிறது? வங்கி, டெலிகாம், பெரிய ஐடி கம்பெனிகளின் சர்வர் சப்போர்ட் டீம்: இங்கேயெல்லாம் நான் கண்டது பெரும்பாலும் ரெட் ஹேட்தான். வேலை விளம்பரத்திலேயே ஆர்எச்சிஎஸ்ஏ என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கிளவுடில் உபுண்டு என்ற இன்னொரு வகை லினக்ஸை வைத்து ஓட்டும் சின்ன கம்பெனிகள் சான்றிதழையே கேட்பதில்லை, டெர்மினலைத் திறந்து "இந்த டிஸ்க் ஏன் நிரம்பியது, கண்டுபிடி" என்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் கை ஓடினால்தான் கதை நடக்கும். ஆர்எச்சிஎஸ்ஏ இருந்தால் அடுத்தது ரெட் ஹேட்டின் மேல்நிலைச் சான்றிதழான ஆர்எச்சிஈ. முன்பு போல இல்லாமல், ஆர்எச்இஎல் (ரெட் ஹேட்டின் லினக்ஸ்) 8லிருந்து அது முழுக்க ஆன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவிக்கான தேர்வாகிவிட்டது. ஆட்டோமேஷன் பக்கம் ஏறுவதற்கு நல்ல படி.

எந்தத் தேர்வு என்பதில் பாதி முடிவு வந்தாயிற்று. எப்படிப் படிப்பது என்பதில்தான் பையன் உண்மையில் தடுமாறிக்கொண்டிருந்தான். கோச்சிங் கிளாஸ் ஒன்றில் விசாரித்திருக்கிறான். பணத்தைக் கட்டினால் பாஸ் கேரன்டி என்றார்களாம்.

கேரன்டி என்ற சொல் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நானும் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தவன்தான், பெயர் எதற்கு. நாற்பது பேர், லேபில் பன்னிரண்டு மெஷின்கள். சார் போர்டில் கமாண்டை எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மை நான் கையெழுத்தில் படித்தவன்! கடைசி வாரம் ஒரு பிடிஎஃப் வந்தது: டம்ப்ஸ். வெளியே கசிந்த கேள்விகள் என்று சொல்லப்பட்டவை. அதை மனப்பாடம் செய்து கேள்வி ரகத் தேர்வில் தேறியவர்களை எனக்குத் தெரியும். இன்டர்வியூவில் "எல்வியைப் (எல்விஎம் வால்யூம்) பெரிதாக்கினேன், இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டில் பழைய அளவே காட்டுகிறது, ஏன்?" என்று கேட்டதும் முழித்தார்கள். வால்யூமைப் பெரிதாக்குவது ஒரு வேலை, அதன் மேல் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்குவது இன்னொரு வேலை. ஒருமுறை கையால் செய்தவன் அதை மறக்கமாட்டான். டம்ப்ஸ் வைத்து எழுதியது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்யும் அதிகாரமும் தேர்வு நடத்துபவர்களுக்கு உண்டு.

எல்லா கிளாஸும் இப்படியென்று சொல்லவில்லை. ரெட் ஹேட்டின் அதிகாரப்பூர்வப் பயிற்சி ஆர்எச்124, ஆர்எச்134 என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் ஐந்து நாள், ஆளுக்கொரு லேப். பாடமும் லேபும் தரம். கம்பெனி பணம் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சொந்தக் காசில் என்றால் தேர்வுக் கட்டணத்தைவிட அது பெரிய தொகை, டெஸ்க்டாப் சப்போர்ட் சம்பளத்துக்குத் தாங்காது. லோக்கல் கிளாஸில் சேர்வதென்றால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எனக்கென்று தனி விர்ச்சுவல் மெஷின், ரூட் பாஸ்வேர்டோடு, வகுப்பு முடிந்த பிறகும் கிடைக்குமா?" இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது வழி வீட்டு லேப். பையனிடம் 8 ஜிபி ராம் லேப்டாப் இருக்கிறது. தாராளமாகப் போதும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஆளுக்கு 2 ஜிபி வீதம் இரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஓஎஸ் டிஸ்க் போக 10 ஜிபியில் காலி டிஸ்க் ஒன்று. பார்ட்டிஷன், எல்விஎம், ஸ்வாப் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் அறுத்துப் பழக வேண்டும். ஆர்எச்இஎல் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சப்ஸ்கிரிப்ஷன் இலவசம், 16 மெஷின் வரை போட்டுக்கொள்ளலாம். பதிவு செய்ய அலுப்பாக இருந்தால் ஆர்எச்இஎல் மாதிரியே செய்யப்பட்ட இலவச லினக்ஸ்களான ராக்கி லினக்ஸோ அல்மாலினக்ஸோ போதும், பயிற்சிக்கு ஏறக்குறைய அதேதான். அதே மாதிரியான பழைய சென்ட்ஓஎஸ் 7 ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் ஃபைல்) யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024 ஜூனோடு அதன் ஆயுள் முடிந்தது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் பழகினால் என்ன என்று கேட்டான். கமாண்ட் பழக நல்லது. ஆனால் ஓஎஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் கிரப் என்ற பூட் மெனு அதில் வராது, ஆர்எச்சிஎஸ்ஏ பாடத்திட்டத்திலோ பூட்டை நடுவில் நிறுத்தி உள்ளே நுழைவது வெளிப்படையாகவே இருக்கிறது. ரூட் பாஸ்வேர்டு மறந்த மெஷினுக்குள் போகும் வழி அது. கிரப்பில் ஈ அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ். ஃபைல் சிஸ்டத்தை எழுதும் நிலைக்கு மாற்றி, சிஎச்ரூட் கமாண்டால் அதற்குள் நுழைந்து, பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. அப்புறம் .ஆட்டோரீலேபல் (முன்னால் புள்ளி உண்டு) என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைலை ரூட் டைரக்டரியில் உருவாக்க வேண்டும், இதைத்தான் மறப்பார்கள். அந்த நிலையில் எஸ்ஈலினக்ஸ் பாலிசி ஏறியிருக்காது. அதனால் புதிதாக எழுதப்பட்ட, பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலுக்குச் சரியான லேபிள் ஒட்டாது. மெஷின் முழுதாக எழுந்ததும் எஸ்ஈலினக்ஸ் அந்த ஃபைலைப் படிக்க விடாது, சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் தப்பு என்றே வரும். முதல் தடவை இது நடந்தபோது கேப்ஸ் லாக் போட்டுவிட்டேனோ என்று கீபோர்டையே சந்தேகப்பட்டேன்.

இன்னொரு சிக்கல், எந்த வெர்ஷனுக்குப் படிக்கிறோம் என்பது. ஆர்எச்இஎல் 9 பாடத்தில் பாட்மேன் என்ற கருவியால் கன்டெய்னர் ஓட்டுவது இருந்தது. 10ல் அதை எடுத்துவிட்டு, அப்ளிகேஷன் நிறுவும் இன்னொரு முறையான ஃப்ளாட்பேக்கைச் சேர்த்திருக்கிறார்கள். யூடியூபில் கிடைக்கும் வீடியோக்களில் பாதி 8க்கோ 9க்கோ எடுத்தவை. தேர்வு புக் செய்யும்போது எந்த வெர்ஷன் என்று பார்த்து, ரெட் ஹேட் தளத்தில் இருக்கும் நோக்கப் பட்டியலை (தேர்வுக்குச் செய்யத் தெரிய வேண்டியவை) பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவதுதான் என் வழி. ஒவ்வொரு வரியையும் மேன் பேஜ் மட்டும் வைத்துச் செய்ய முடிந்த நாளில் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும்.

எங்கே உட்கார்ந்து எழுதுவது என்பதும் தேர்வுக்குத் தேர்வு மாறும். எல்பிஐசியைப் பியர்சன் வியூ மையத்தில் போய் எழுதலாம், ஏசி அறை, கரன்ட் கவலை இல்லை. எல்எஃப்சிஎஸ் வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு மையமும் உண்டு, வீடும் உண்டு. வீட்டில் என்றால் அவர்கள் தரும் ஐஎஸ்ஓவை யுஎஸ்பியில் போட்டு அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்ய வேண்டும், ஒயருள்ள வெளி வெப்கேமும் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி பூட்டைப் பூட்டி வைத்திருப்பார்கள், அது உதவாது. பையன் வீட்டில் தனி ரூம் கிடையாது, சாயங்காலம் பாட்டி டிவி ஓடும். மையத்துக்குப் போ என்றேன்.

கடைசியில் நான் சொன்னது கொஞ்சம் குறுக்கு வழி மாதிரி இருக்கும். எல்பிஐசி பாடத்தைப் படி, ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வை எழுது. லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் தன் பாடப் புத்தகங்களை பிடிஎஃப்பாக இலவசமாகவே கொடுக்கிறது. பைப், ரீடைரக்ஷன், பெர்மிஷன், பிராசஸ், ரெகுலர் எக்ஸ்பிரஷன் எல்லாம் அதில் நிதானமாகப் போகும். ரெட் ஹேட் பாடத்தில் நேராகக் குதித்தவர்களுக்கு இந்த அடித்தளத்தில்தான் ஓட்டை விழுகிறது. முதல் நான்கு வாரம் எல்பிஐசியின் 101 தாளுக்கான புத்தகம், அதுவும் லேபில் அடித்துப் பார்த்தபடி. அடுத்த எட்டு வாரம் சுவரில் ஒட்டிய பட்டியல். நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் மொத்தம் 144 மணி நேரம். விண்டோஸ் தெரிந்த, லினக்ஸ் தெரியாத ஒருவனுக்கு இது போதுமான அளவு என்றே நினைக்கிறேன். கடைசி இரண்டு வாரம் மட்டும் வாட்சை வைத்து மூன்று மணி நேர ஒத்திகை, ஒவ்வொன்றின் முடிவிலும் ரீபூட்.

அவனே உபுண்டு சர்வர்கள் ஓடும் இடத்தில் இருந்திருந்தால் எல்எஃப்சிஎஸ் என்று சொல்லியிருப்பேன். கல்லூரி இரண்டாம் வருஷமாக இருந்தால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம், மிஞ்சிப்போனால் எல்பிஐசி நடத்தும் அதே இன்ஸ்டிட்யூட்டின் ஆரம்பநிலைத் தேர்வான லினக்ஸ் எசென்ஷியல்ஸ்: 40 கேள்வி, ஒரு மணி நேரம், காலாவதி கிடையாது. எல்பிஐசி-1 எழுது என்று நான் தயங்காமல் சொல்வது ஏற்கெனவே பல வகை லினக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறவர்களுக்கு.

போன புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வந்தது. கறுப்புத் திரை, எமர்ஜென்சி மோட். "அண்ணா, பூட் ஆகல. முன்னாடி சேமிச்சு வச்ச ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பிடவா?"

"திரும்பாதே. ரூட் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போ, எஃப்எஸ்டேப்பைத் திற" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 12.50க்கு இன்னொரு போட்டோ. லாகின் ஸ்கிரீன்.